பிலிப்பு நற்செய்தி 63ஆம் பக்கத்து ஓட்டை: அங்க 'வாய்'னு போடலாமா?

கேள்வி இதுதான்: நாக் ஹம்மாதியில கிடைச்ச, பைபிள்ல சேராத பிலிப்பு நற்செய்தியில இயேசு மகதலா மரியாவை "அடிக்கடி அவளோட ... முத்தமிட்டார்"னு ஒரு வரி வருது, அந்தப் புள்ளி வச்ச இடத்துல பப்பைரஸ் (நாணல்ல செஞ்ச பழைய தாள்) பிய்ஞ்சு போச்சு, அப்புறம் நிறைய மொழிபெயர்ப்புல 'வாயில்'னு இருக்கே அது எங்கேருந்து வந்துச்சு, ஓட்டைன்னு ஆயிட்டா யார் வேணா எதை வேணா போட்டுக்கலாமா?

எதை வேணா போட முடியாது. அதே நேரம் 'வாய்'னு அடிச்சு சொல்லவும் முடியாது. இந்த ரெண்டுக்கும் நடுவுல நிறைய விஷயம் இருக்கு, அதைக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா இந்த ஒரு வரியை ஒழுங்கா புரிஞ்சுக்கிட்டா சிதைஞ்ச சுவடி எல்லாத்தையும் எப்படி படிக்கணும்னு பிடிபட்டுடும்.

முதல்ல அந்தப் பக்கம். 1945ல மேல் எகிப்துல நாக் ஹம்மாதி பக்கத்துல ஒரு ஜாடியில கிடைச்சதா சொல்ற நூல்கள், பதிமூணு கோடெக்ஸ், 4ஆம் நூற்றாண்டு காலத்து காப்டிக் (பழைய எகிப்து கிறிஸ்தவங்களோட மொழி) பிரதிகள், இப்ப கெய்ரோவுல காப்டிக் மியூசியத்துல இருக்கு. அதுல ரெண்டாவது கோடெக்ஸ்ல 51லேருந்து 86ஆம் பக்கம் வரைக்கும் பிலிப்பு நற்செய்தி. நம்ம வரி 63ஆம் பக்கத்தோட அடிப்பகுதியில வருது, அங்கதான் தாள் அரிச்சுப் போயிருக்கு. கோடெக்ஸ்னா புத்தகம் மாதிரி அடுக்கி வச்ச தாள், அதனால பூச்சியோ ஈரமோ ஒரு இடத்துல புகுந்தா அடுத்தடுத்த தாள்லயும் ஏறக்குறைய அதே இடத்துல ஓட்டை விழும். பிலிப்பு நற்செய்திக்கு இந்த ஒரு பிரதியைத் தவிர வேற பிரதியே கிடையாது, எடுத்து ஒப்பிட்டுப் பாக்க வழி இல்ல. இதை மனசுல வச்சுக்கோங்க.

இப்ப ஓட்டைக்கு முன்னாடி என்ன எழுத்து மிஞ்சியிருக்குன்னு பாக்கணும். "அதெஸ்"னு இருக்கு, அதுக்கப்புறம் தாள் இல்ல. 'அ'ன்னா 'மேல, கிட்ட' மாதிரி ஒரு உருபு. 'தெஸ்'னா 'அவளோட'. இதுல முக்கியமான விஷயம், காப்டிக்ல எல்லா பெயர்ச்சொல்லுக்கும் ஆண்பால் பெண்பால் உண்டு, நம்ம மாதிரி வாய், கை, நெத்தி எல்லாத்தையும் அஃறிணைன்னு விட்டுட மாட்டாங்க, 'அவளோட'ங்கற சொல்லே பின்னாடி வர்ற பொருளைப் பொறுத்து மாறும். வர்ற சொல் ஆண்பால்னா 'பெஸ்', பன்மைன்னா 'நெஸ்', பெண்பால் ஒருமைன்னாதான் 'தெஸ்'. அதனால ஓட்டைக்குள்ள போன சொல் கண்டிப்பா பெண்பால் ஒருமை. இந்த ஒரு எழுத்தே பாதி ஊகத்தை வெளிய தள்ளிடுது. 'பாதங்கள்'னு பன்மையில போட முடியாது. வாய்க்கே 'ரோ'ன்னு ஒரு சொல் இருக்கு, ஆண்பால், அதையும் போட முடியாது. ஆனா வாய்க்கு 'தாப்ரோ'ன்னு இன்னொரு சொல் இருக்கு, அது பெண்பால், அது பொருந்துது. நெத்தியும் பெண்பால், கன்னமும் பெண்பால், கையும் பெண்பால். அடுத்து இடத்தோட அளவைப் பாக்கணும். அந்த எழுத்தர் எழுதின விதத்துல 'ஐ' ஒல்லியான எழுத்து, 'எம்'மும் 'ஓமெகா'வும் அகலமானது, மத்த வரிகளை அளந்து இங்க எத்தனை எழுத்துக்கு இடம்னு ஓரளவு சொல்லிடலாம், ஆனா ஓரெழுத்து ரெண்டெழுத்து வித்தியாசத்துல இந்த நாலு சொல்லையும் பிரிச்சு தீர்ப்பு சொல்ற அளவுக்கு அது துல்லியம் இல்ல.

அப்புறம் பலர் கவனிக்காத ஒண்ணு, 'அடிக்கடி'ங்கற சொல்லும் பாதி ஊகம்தான். ஓட்டைக்குப் பின்னாடி 'தடவை'ங்கற சொல் மிஞ்சியிருக்கு, 'பல' போயிடுச்சு. 'தடவை'க்கு முன்னாடி ஒரு எண்ணோ 'பல'வோ வந்தாகணும், அதனால 'பல' போடறது நியாயம், நானும் ஏத்துக்கறேன், ஆனா அதுவும் அடைப்புக்குறிக்குள்ள இருக்கணும்.

'முத்தம்'னு மொழிபெயர்க்கற வினைச்சொல்லு முழுசா இருக்கு, 'அஸ்பசே'. இது கிரேக்கத்துலேருந்து வந்த சொல், அடிப்படை அர்த்தம் வாழ்த்துறது, வணக்கம் சொல்றது, தழுவி வரவேற்கறது. பைபிள்ல ரோமர் 16:16ல "பரிசுத்த முத்தத்தோடு வாழ்த்துங்கள்"னு பவுல் எழுதறாரே, அங்க 'வாழ்த்துங்கள்'ங்கற இடத்துல இருக்கறது இதே கிரேக்க வினைதான். அதாவது அந்தச் சொல்லை 'முத்தமிட்டார்'னு ஆக்கறதே பின்னாடி ஒரு உடல் உறுப்பு வருதுங்கற எதிர்பார்ப்புதான். ஓட்டைக்குள்ள இருக்கறது ஓட்டைக்கு வெளிய இருக்கற சொல்லோட அர்த்தத்தையும் ஆட்டுது. இதை நான் முதல் முறை கவனிச்சப்ப ரொம்ப நேரம் அந்த வரியையே பாத்துட்டு இருந்தேன்.

அப்ப 'வாய்'க்கு ஆதாரம் வேற எங்கேயாவது இருக்கான்னா, இருக்கு. அதே நூல்ல நாலு பக்கம் முன்னாடி, 59ல, முழுமையானவங்க முத்தத்தால கருத்தரிச்சு பெத்தெடுக்கறாங்க, அதனாலதான் நாமளும் ஒருத்தருக்கொருத்தர் முத்தம் கொடுத்துக்கறோம், ஒருத்தர்கிட்ட இருக்கற அருளாலே இன்னொருத்தர் கருத்தரிக்கறோம்னு வருது. அதுக்கு ஒட்டி முன்னாடி வாயிலேருந்து ஊட்டம் பெறுறதப் பத்தின பேச்சு. அங்க 'முத்தம்'ங்கறதுக்கு காப்டிக் சொல்லே இருக்கு. அதனால 'வாய்'னு நிரப்பினவங்க சும்மா கிளுகிளுப்புக்காக போடல, நூலோட சிந்தனை ஓட்டத்துல அது நல்லாவே பொருந்துது, என்னோட கணிப்புலயும் நாலு சொல்லுல அதுக்குத்தான் வாய்ப்பு அதிகம். ஆனா கவனிங்க, எந்த ஆதாரத்தை வச்சு 'வாய்'னு போடறோமோ அதே ஆதாரம் அந்த முத்தம் எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் கொடுத்துக்கற, அருளையும் வார்த்தையையும் கைமாத்தற சடங்கு முத்தம்னு சொல்லுது. 59ஐ வச்சு 'வாய்'னு நிரப்பிட்டு அப்புறம் 59ஐ தூக்கிப் போட்டுட்டு காதல் கதை எழுத முடியாது, ரெண்டும் சேந்துதான் வரும்.

ஒரு பிரபலமான ஆங்கில நாவல்ல, இந்த வரியில வர்ற 'துணை'ங்கற சொல்லுக்கு அராமிக்ல மனைவின்னு அர்த்தம்னு ஒரு பாத்திரம் சொல்லும், அதை இன்னும் நிறைய பேர் உண்மைன்னு நம்பிட்டு இருக்காங்க. சுவடி அராமிக் இல்ல, காப்டிக். சொல்லு 'கோய்னோனோஸ்', கிரேக்கம், பங்காளி, கூட்டாளி, உடன் பங்கு பெறுறவர்ங்கற அளவுக்கு விரிவான சொல். மனைவியையும் குறிக்கலாம், தொழில் கூட்டாளியையும் குறிக்கலாம்.

இப்ப அதே வரியில 'நேசித்தார்'ங்கறதும் ஓட்டைக்குள்ளதான் இருக்குன்னு சொன்னா ஆச்சரியப்படுவீங்க. "சீடர்களை விட அதிகமா அவளை"னு எச்சம் மட்டும் இருக்கு, வினை போயிடுச்சு. ஆனா இதை யாருமே சந்தேகப்படல, ஏன்னா அடுத்த பக்கம் 64 மேல்பாதி முழுசா இருக்கு, அங்க சீடர்கள் "எங்க எல்லாரையும் விட அவளை ஏன் அதிகமா நேசிக்கறீங்க?"ன்னு கேக்கறாங்க, இரட்சகர் "அவளை நேசிக்கற மாதிரி உங்களை ஏன் நான் நேசிக்கறதில்ல?"ன்னு திருப்பிக் கேக்கறார். பதில் இருக்கறதால கேள்வி என்னன்னு தெரியுது. பாருங்க, ஒரே வரி, ரெண்டு ஓட்டை, ரெண்டுலயும் அடைப்புக்குறிதான் போட்டிருக்காங்க, ஆனா ஒண்ணு கிட்டத்தட்ட மிஞ்சின எழுத்து அளவுக்கே உறுதி, இன்னொண்ணு நல்ல ஊகம் மட்டும். அடைப்புக்குறி அந்த வித்தியாசத்தைச் சொல்லாது, ஓட்டையைச் சுத்தி என்ன பிடிச்சுக்கிட்டு இருக்குன்னு நாமதான் பாக்கணும்.

இதுல நிபுணர்களே சறுக்கின இடம் ஒண்ணு சொல்றேன், எனக்கு இந்தத் துறையிலேயே ரொம்பப் பிடிச்ச உதாரணம். 1903ல எகிப்துல ஆக்ஸிரிங்கஸ் குப்பை மேட்டுல கிரென்ஃபெல், ஹன்ட்னு ரெண்டு ஆங்கிலேயர்கள் ஒரு கிரேக்க பப்பைரஸ் எடுத்தாங்க, நில அளவைப் பட்டியல் ஒண்ணோட பின்பக்கத்துல இயேசுவோட சொற்கள் எழுதியிருந்துச்சு. எல்லா வரிக்கும் இடது பாதி இருக்கு, வலது பாதி இல்ல. அது தோமா நற்செய்தின்னு அப்ப யாருக்கும் தெரியாது. நாலாவது வரி "ஆன் தோன் லோகோன்"னு ஆரம்பிக்குது, 'தோன் லோகோன்'னா 'வார்த்தைகளோட'. முன்னாடி இருக்கற அந்த 'ஆன்' கிரேக்கத்துல ரொம்ப சாதாரணமா வர்ற ஒரு இடைச்சொல், 'யாரெல்லாம்'ங்கற அர்த்தம் வர உதவறது. அவங்க அப்படியே எடுத்துக்கிட்டு, "இந்த வார்த்தைகளைக் கேக்கறவன் யாரும் மரணத்தை ருசிபார்க்க மாட்டான்"னு நிரப்பி 1904ல வெளியிட்டாங்க. இலக்கணம் சரி, அர்த்தம் சரி, இடமும் சரி. நாப்பது வருஷம் கழிச்சு நாக் ஹம்மாதியில தோமா நற்செய்தி காப்டிக்ல முழுசா கிடைக்குது, அங்க "இந்த வார்த்தைகளோட விளக்கத்தைக் கண்டடையறவன்"னு இருக்கு. அந்த 'ஆன்' தனிச்சொல்லே இல்ல, முந்தின வரியோட தொலைஞ்சு போன பாதியில ஆரம்பிச்ச 'ஹெர்மெனேயான்', அதாவது விளக்கம், பொருள்கோள்ங்கற சொல்லோட கடைசி ரெண்டெழுத்து, வரி மாறி அடுத்த வரியில விழுந்திருக்கு. கேட்டாலே போதும்னு ஆக்கிட்டாங்க, நூல் சொன்னதோ தேடி பொருள் கண்டுபிடிக்கணும்னு. மதமே மாறிப்போற அளவு வித்தியாசம் இது.

அதே பத்து பன்னெண்டு சொல்லுல இன்னும் ரெண்டு சறுக்கல். மூணாவது வரி "காய் தோமா"ன்னு ஆரம்பிக்குது. 'காய்'னா 'உம்', 'மேலும்'. "இன்னாருக்கும் தோமாவுக்கும் சொன்னார்"னு ரெண்டு ஆளா படிச்சாங்க. உண்மையில அது "தோமான்னும் அழைக்கப்படுற யூதாஸ்"ங்கற ஒரே ஆள். "உயிரோட இருக்கற இயேசு"ங்கறதுக்குப் பின்னாடி 'க' மட்டும் மிஞ்சியிருந்துச்சு, 'கூரியோஸ்', ஆண்டவர்னு எடுத்துக்கிட்டாங்க, இப்ப அதை 'காய்', 'மேலும்'னு படிக்கறாங்க. மிஞ்சின எழுத்துல ஒண்ணைக்கூட அவங்க தப்பா படிக்கல.

ஆனா அவங்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது, ஏன்னா இயேசுவோட அடுத்த கூற்றுலேயே அற்புதமா ஜெயிச்சிருக்காங்க. தேடறவன் கண்டடையற வரைக்கும் நிறுத்தக் கூடாது, கண்டதும் வியப்பான், வியந்து ஆட்சி செய்வான், ஆட்சி செஞ்சு இளைப்பாறுவான்னு வர்ற பகுதி, அதுவும் பாதி பாதியா கிழிஞ்சது. இதே மாதிரி கூற்றை அலெக்சாந்திரியா கிளமெந்துங்கற பழைய கிறிஸ்தவ எழுத்தாளர் எபிரேயர் நற்செய்தியிலேருந்து மேற்கோள் காட்டியிருக்கார், அதை ஞாபகம் வச்சு அவங்க நிரப்பினாங்க. இதுல என்ன விசேஷம்னா காப்டிக் தோமாவுல 'இளைப்பாறுவான்' இல்ல, 'எல்லாத்தையும் ஆள்வான்'னு முடியுது. ஒருவேளை காப்டிக் முதல்ல கிடைச்சு, அதை அப்படியே வச்சு கிரேக்க ஓட்டையை அடைச்சிருந்தா இந்த இடத்துல தப்பாயிருக்கும். ஐந்தாவது கூற்றுலயும் அப்படித்தான், மறைஞ்சிருக்கறது எல்லாம் வெளிப்படும்னு முடிஞ்சதும் கிரேக்கத்துல "புதைக்கப்பட்டு..."ன்னு கூடுதலா ஒரு வரி தொடங்கி அறுந்துடுது, காப்டிக்ல அந்த வரியே கிடையாது. பின்னாடி அதே ஆக்ஸிரிங்கஸ் ஊர்லேருந்து வந்த ஒரு பிணத்துணியில "புதைக்கப்பட்டு எழுப்பப்படாதது எதுவுமில்லை, என்கிறார் இயேசு"ன்னு எழுதியிருந்தது தெரிய வந்துச்சு. ஓட்டைக்குத் துணி பதில் சொல்லுது! அதனால இன்னொரு பிரதி கிடைக்கறது பெரிய வரம், ஆனா அது இதே வடிவமான்னு பாக்கணும். யோவானின் இரகசிய நூலுக்கு நாலு பிரதி இருக்கு, ஆனா ரெண்டு நீள வடிவம், ரெண்டு குறுகின வடிவம், நீளத்தோட ஓட்டையை நீளத்தை வச்சுத்தான் அடைக்கணும்.

ஓட்டை பெருசா இருந்தாலும் சில சமயம் சரியா ஊகிக்க முடியும், அதுக்கு மரியா நற்செய்தி நல்ல சாட்சி. 1896ல கெய்ரோவுல வாங்கின பெர்லின் கோடெக்ஸ்ல இருக்கு, 1லேருந்து 6 வரைக்கும் 11லேருந்து 14 வரைக்கும் பக்கமே இல்ல, பாதிக்கு மேல போயிடுச்சு. தரிசனத்தை ஆன்மா பாக்குதா ஆவி பாக்குதான்னு மரியா கேக்க, ரெண்டுக்கும் நடுவுல இருக்கற மனம்தான் பாக்குதுன்னு இரட்சகர் சொல்லிட்டு இருக்கும்போதே பத்தாம் பக்கம் முடிஞ்சு அறுந்துடுது. திரும்ப 15ல தொடங்கும்போது, மேல போற ஆன்மாவை 'ஆசை'ங்கற சக்தி மறிச்சுக்கிட்டு நிக்குது, அடுத்து மூணாவது சக்தி 'அறியாமை', அப்புறம் நாலாவது சக்தி. மூணாவதுன்னு எண்ணே இருக்கறதால ஆசை ரெண்டாவது, அப்ப முதல் சக்தி தொலைஞ்ச பக்கத்துல இருக்கு. அதோட பேர் என்ன? நாலாவது சக்திக்கு ஏழு வடிவம்னு பட்டியல் போடுது: முதல் வடிவம் இருள், ரெண்டாவது ஆசை, மூணாவது அறியாமை. ரெண்டும் மூணும் வரிசையா ஒத்துப்போகுது, அப்ப தொலைஞ்ச முதல் சக்தி 'இருள்'. நாலு பக்கம் போன இடத்துல ஒரு பேரை இவ்வளவு தைரியமா சொல்ல முடியுது, 63ஆம் பக்கத்துல விரல் அகல ஓட்டையில முடியல. ஓட்டையோட சைஸை விட நூலோட கட்டமைப்புதான் தீர்மானிக்குது.

கண்ணால பாக்கற வேலையும் இதுல நிறைய இருக்கு. பப்பைரஸ்ல ஒரு பக்கம் நார் குறுக்கா ஓடும், மறுபக்கம் நெடுக்கா ஓடும், தனியா விழுந்த துண்டு எந்தத் தாளைச் சேர்ந்ததுன்னு நாரோட கோட்டைத் தொடர்ந்துபோய் சேப்பாங்க, ரெண்டு பக்கமும் ஒரே சமயத்துல பொருந்தணும். எதிர்ப்பக்கத்துல ஒட்டின மை கூட உதவும். புற ஊதா விளக்குல மங்கின எழுத்து தெரியும். பதிப்புல எழுத்துக்குக் கீழ புள்ளி வச்சிருந்தா அந்த எழுத்து பாதி மைதான் இருக்கு, வேற எழுத்தாவும் இருக்கலாம்னு அர்த்தம், சதுர அடைப்புக்குறின்னா அங்க தாளே இல்ல. மொழிபெயர்ப்புல புள்ளி வராது, அதனால மொழிபெயர்ப்பு எப்பவுமே மூலத்தை விட தெளிவா இருக்கற மாதிரி ஒரு மாயத் தோற்றம் கொடுக்கும்.

இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸோட பேர்ல இருக்கற யூதாஸ் நற்செய்தியில இது பெரிய அளவுல நடந்துச்சு. அந்த கோடெக்ஸ் ஒரு பேங்க் லாக்கர்ல பதினாறு வருஷம் கிடந்து, அப்புறம் ஒருத்தர் ஃப்ரீஸர்ல வேற வச்சு, கடைசியில ஆயிரத்துக்கும் மேல துண்டா நொறுங்கித்தான் காப்பாத்துறவங்க கைக்கு வந்துச்சு, ஃப்ளோரன்ஸ் டார்ப்ரே, கிரேகர் வுர்ஸ்ட் எல்லாம் வருஷக்கணக்கா துண்டு துண்டா சேத்தாங்க. 2006ல வந்த முதல் மொழிபெயர்ப்புல, புனிதத் தலைமுறைக்கு யூதாஸ் ஏறிப்போறதை மத்தவங்க சபிப்பாங்கன்னு ஒரு வரி, அதாவது யூதாஸ் மேல போறார். 2007ல வந்த முழு ஆய்வுப் பதிப்புல அது "நீ மேலே ஏறமாட்டாய்"னு மாறிடுச்சு. ஒரு எதிர்மறை, அதுலதான் யூதாஸ் நாயகனா இல்லையாங்கறதே தொங்குது. ஏப்ரல் டிகோனிக்ங்கற அறிஞர் அந்த வருஷமே இதைப் பத்தி வெளிப்படையா எழுதினாங்க. முதல்ல படிச்ச நிறைய பேருக்கு திருத்தம் போய்ச் சேரல, அதுதான் எனக்கு வருத்தம்.

இன்னொரு பக்கம், ஓட்டையை வச்சே ஏமாத்தவும் செய்யலாம். 2012 செப்டம்பர்ல ரோம்ல ஒரு சின்ன காப்டிக் துண்டை ஹார்வர்ட் பேராசிரியர் கேரன் கிங் அறிவிச்சாங்க, எட்டு வரி, அதுல ஒண்ணு "இயேசு அவர்களிடம், என் மனைவி"ன்னு வந்து சரியா அந்த இடத்துல அறுந்துடும். அந்த பப்பைரஸ் உண்மையிலேயே பழசு. ஆனா வரிகள் பெரும்பாலும் தோமா நற்செய்தியிலேருந்து வெட்டி ஒட்டினது, இன்டர்நெட்ல இருந்த ஒரு காப்டிக் தோமா பதிப்புல இருந்த எழுத்துப்பிழை கூட அப்படியே வந்திருந்துச்சு. 2016ல அதை வச்சிருந்தவரோட பின்னணி வெளியானதும் கேரன் கிங்கே போலியா இருக்கத்தான் அதிக வாய்ப்புன்னு ஒத்துக்கிட்டாங்க. நிஜ ஓட்டை பூச்சிக்குப் பிடிச்ச இடத்துல விழும், வாக்கியத்துக்கு நடுவுல, 'மேலும்', 'அது' மாதிரி ஒண்ணுக்கும் உதவாத சொல்லை விட்டுட்டுப் போகும். கிழிஞ்ச துண்டு ஒண்ணுல எல்லாரும் கேக்க ஆசைப்படற சொல் மட்டும் முழுசா மிஞ்சி, அதுக்கு முன்னாடி பின்னாடி கட்டுப்படுத்தற எதுவும் இல்லாம இருந்தா, நான் முதல்ல அந்தத் துண்டையே சந்தேகப்படுவேன்.

அதனால நீங்க பிலிப்பு நற்செய்தி படிக்கறதா இருந்தா அடைப்புக்குறி இருக்கற மொழிபெயர்ப்பா பாத்து எடுங்க, அடைப்புக்குறியை எடுத்துட்டு மொழுமொழுன்னு ஓடற பதிப்பை இந்த மாதிரி இடத்துக்கு நம்பாதீங்க. 63ஆம் பக்கத்து வரியை நான் தமிழ்ல போட்டா இப்படித்தான் போடுவேன்:

"... [இரட்சகரின்] துணை மகதலா மரியா. [இரட்சகர்] சீடர்கள் [எல்லோரையும்] விட அவளை அதிகமாக [நேசித்தார், அவர்] அவளுடைய [......] [பல] தடவை முத்தமிட்டு வாழ்த்துவார்."

அந்தப் புள்ளிகளுக்குக் கீழ ஒரு குறிப்புல "பெண்பால் ஒருமைச் சொல், வாய் என்பதற்கு வாய்ப்பு அதிகம், 59ஆம் பக்கம் பார்க்க, நெற்றி, கன்னம், கை என்பதும் இலக்கணப்படி பொருந்தும்"னு எழுதுவேன்.